அறுபது பாம்புச் செடியும் என் கைத் தண்ணியும்

கையோட வந்துடுச்சு. தூசி தொடைக்கலாம்னு சும்மா இலையப் புடிச்சேன், அடி கொழகொழன்னு அழுகி, இலை மட்டும் என் கையில. நாத்தம்னா நாத்தம், செத்த எலி நாத்தம். அய்யய்யோன்னு கத்திட்டேன். மேல பாத்தா பச்சப்பசேல்னு நிக்குது, அடியில ஒண்ணுமே இல்ல. பக்கத்துத் தொட்டியத் தொட்டேன், அதுவும் சாஞ்சிச்சு.

அத்தனையும் என் மருமவ வளத்த செடி. சிதம்பரத்துல ஒரு கல்யாணத்துக்கு, தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா பாம்புச் செடி குடுக்கப் போறாங்கன்னு அறுபது தொட்டி கேட்டிருந்தாங்க. அவ தொடங்குன தொழில்ல மொத ஆர்டர் அதான். ஒரு வருசத்துக்கு மேல இலைய வெட்டி நட்டு, தானே உண்டாக்குனது. "பாம்புன்னு பேரு வெச்சத போயி கல்யாணத்துல குடுப்பாங்களா, இதெல்லாம் ஒரு பொழப்பா?"ன்னு அக்கம்பக்கம் கேக்க சொன்னவ நான். என் வாயி சும்மா இருக்காது. அன்னையிலேர்ந்து அவ எங்கிட்ட செடிப் பேச்சே எடுக்கல.

அவுங்க அம்மாவுக்குக் கடலூர்ல முட்டி ஆபரேஷன். இருபது நாள் கூட இருக்கணும்னு கெளம்புனா. வாசப்படி எறங்குறப்ப, "செடிய ஒண்ணும் பண்ண வேணாம் அத்த, அப்படியே வுட்டுடுங்க"ன்னா. வீட்டுக்கு வந்தவுங்க காப்பி வேணாம்னா, நாம குடுக்காம வுட்டுடுவோமா? அது மாதிரி எனக்கு சிரமம் வேணாம்னுதான் சொல்றா போலன்னு எடுத்துக்கிட்டேன். பேசுன பேச்சுக்கு ஈடு கட்ட இதான் நேரம்னும் தோணுச்சு.

நாங்க கடைமடைக்காரங்க. வாய்க்கால்ல தண்ணி வருமா வருமான்னு ஆயுசு பூரா காத்திருந்து கண்ணு பூத்துப்போன குடும்பம். மண்ணு காஞ்சிருந்தா எனக்குச் சோறு எறங்காது. காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, ஒவ்வொரு தொட்டிக்கும் ஊத்துனேன். ஒரு செடியில இலையடியில வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. வாசல்ல வரிசையா இருக்கே, கோலமாவு பறந்து ஒட்டியிருக்கும்னு ஈரத்துணியால தொடச்சேன். அதே துணியால மத்ததையும் தொடச்சேன். அது மாவுப்பூச்சி! செம்பருத்தியில எத்தன தடவ பாத்திருக்கேன், கண்ணு இருந்தும் குருடி. ஒண்ணுல இருந்தத அறுபதுக்கும் பந்தி பரிமாறிட்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் மூணே நாள். மருமவளுக்குப் போன் போட்டேன். "அம்மாடி, செடி..."ன்னு ஆரம்பிச்சவ அழுதுட்டேன். இதோ வரேன் அத்தன்னு வெச்சிட்டா. பஸ் வந்து சேர்ற வரைக்கும் எனக்கு ஒரே யோசனதான். நான் வேணும்னே பண்ணிட்டேன்னுதான நெனப்பா? நான் பேசுன பேச்சு அப்படியாச்சே. சாமி சத்தியம்னு சொன்னா நம்புவாளா?

வந்தவ பையக்கூட கீழ வெக்கல. ஒவ்வொண்ணா தொட்டியிலேர்ந்து உருவிப் பாத்தா. வேரெல்லாம் கருத்துப்போயி பிசுபிசுன்னு கெடக்குது. "மாசத்துக்கு ரெண்டு தடவ ஊத்துனாலே இதுக்கு ஜாஸ்தி அத்த"ன்னா, அவ்ளோதான். தேறுனது பதினொண்ணு. அப்படியே கல்யாண வீட்டுக்குப் போன் பண்ணி, செடி கெட்டுப்போச்சுங்க, தேங்காயே வெச்சிடுங்க, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னா. அப்பவும் எம்பேர அவ சொல்லல.

"சத்தியமா வேணும்னு பண்ணலம்மா. நல்லா வரணும்னுதான் ஊத்துனேன்"னேன்.

"தெரியுது அத்த"ன்னா. கையில ஒட்டுன சேத்தத் தொடச்சுக்கிட்டே சொன்னா: "உங்களுக்குத்தான் இதக் கண்டாலே ஆவாதே, கிட்டவே போமாட்டீங்கன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் நிம்மதியா வுட்டுட்டுப் போனேன்."