யேசுதாஸ் கழித்த பெட்டிகள்

டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளுக்குள் நடந்த வியாபாரப் போரில் ஒரு பெட்டி தோற்றது. ஏன் தோற்றது என்று வல்லுநர்கள் ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். கவரைப்பேட்டை யேசுதாஸின் கட்டைவிரல் நகத்தை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் குறை இங்கே நீக்கப்படுகிறது.

தோற்ற பெட்டியின் மேல்மூடி கும்மிடிப்பூண்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வார்க்கப்பட்டது. அச்சிலிருந்து சூடு ஆறாமல் வரும் மூடியின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்து, பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டியிலும் இல்லாவிட்டால் பச்சைத் தொட்டியிலும் போடுவது யேசுதாஸின் உத்தியோகம். காண்டிராக்ட் உத்தியோகம். சேர்ந்த வருடம் பிறந்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் காண்டிராக்ட்தான். மனைவி ஜெனிபருக்கு அதே லைனின் கடைசியில், தேறிய மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. அதுவும் காண்டிராக்ட்தான்.

ஆடி மாதத்தில் மேனேஜர் பூவராகவன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். தீபாவளிக்குப் போட்டிக் கம்பெனியின் பெட்டியும் சந்தைக்கு வருகிறதாம். நம்முடையது ஜெயித்தால் இந்த லைனில் இருக்கும் அத்தனை பேரும் பர்மனென்ட் என்றார்.

அன்று முதல் லைனுக்குத் தேர்தல் ஜுரம் பிடித்தது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதே பேச்சு. விலை குறைந்தால் ஜெயிக்கும் என்றார்கள். படம் பளிச்சென்று இருந்தால் போதும் என்றார்கள். பெட்டியை யார் பார்க்கிறான், உள்ளே ஓடுகிற விளையாட்டுகளைத்தான் பார்ப்பான் என்றும் ஒருவர் சொன்னார். அவரை மற்றவர்கள் பேசவிடவில்லை. யேசுதாஸ் தன் வாழ்நாளில் அந்தப் பெட்டி ஓடிப் பார்த்ததில்லை. அவர் அறிந்தது மூடி ஒன்றைத்தான். ஆகவே மூடிதான் வெற்றியைத் தீர்மானிக்கும் என்று அவர் முடிவு கட்டியதில் பிழை காண முடியாது. கம்பெனிச் சுவரிலும் ‘தரமே வெற்றி’ என்றுதான் எழுதியிருந்தது. சுவர் பொய் சொல்லுமா?

பிசிறை மட்டும் பார்த்தவர் நிழலைப் பார்க்க ஆரம்பித்தார். மூடியை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஊசி முனையளவு புள்ளி தெரிந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட்டார். தொட்டி நிரம்பி இன்னொரு தொட்டி வந்தது. பூவராகவன் மெய்சிலிர்த்துப்போய், ‘தரக் காவலர்’ என்று அவர் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் தன் கையாலேயே மாட்டினார். மாலை மட்டும்தான் போடவில்லை.

லைனின் கடைசியில் ஜெனிபர் அடுக்க மூடியில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“நீ கழிச்சிக்கினே இருந்தா கடைக்கு இன்னாய்யா போவும்?” என்று சாப்பாட்டு வேளையில் கேட்டார்.

“நல்ல பொருளு லேட்டா போனாலும் ஜனம் காத்துக்கினு இருக்கும்” என்றார் தரக் காவலர்.

ஜனம் காத்துக்கொண்டிருக்கவில்லை. மூடி போதாமல் பெட்டியைப் பொருத்தி முடிக்கும் இடத்தில் வேலை நின்று நின்று நடந்தது. தீபாவளி முடிந்து தெருவில் வெடிக் குப்பையைக் கூட்டிய பிறகு நம் பெட்டி கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

யேசுதாஸ் மனம் கேட்காமல் பொன்னேரிக்குப் போய், மணவாளன் கடையில் போட்டிப் பெட்டியைக் கையில் வாங்கி நகத்தை ஓட்டினார். பிசிறு. விரல் கிழிக்கிற பிசிறு. பரீட்சையில் காப்பி அடித்தவனைப் பிடித்த வாத்தியாரின் சந்தோஷத்தோடு அதைக் கடைக்காரரிடம் காட்டினார்.

“டிவிக்குக் கீழ கெடக்கப்போற பொட்டி. அத்த யாரு நைனா தடவிப் பாக்கப்போறாங்க?” என்றார் மணவாளன்.

பிறகு பொறுமையாக விளக்கினார். பண்டிகைக்குப் பையன்கள் கையில் காசோடு வந்தபோது கடையில் இருந்தது இதுதான். தெருவில் ஒருவன் வாங்கினால் சேர்ந்து விளையாட அவன் கூட்டாளிகள் அத்தனை பேரும் இதையே வாங்குவார்கள். கூட்டம் எங்கேயோ அங்கேதான் புது விளையாட்டும் வரும். இனி உங்கள் பெட்டியைத் தங்கத்தில் செய்து அனுப்பினாலும் அலமாரியில்தான் தூங்கும் என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே லைன் நின்றது. பூவராகவன் பதவி உயர்ந்து வேறு கம்பெனிக்குப் போனார். காண்டிராக்ட் ஆட்களைக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். ‘தரக் காவலர்’ படம் சுவரிலேயே இருந்தது; ஆணி ஆழமாக இறங்கிவிட்டதாம்.

ஜெனிபருக்கு நெடுஞ்சாலையோரம் ஒரு கோடவுனில் வேலை கிடைத்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் போய் வந்தார். யேசுதாஸை ஒரு ஹெல்மெட் கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கேயும் அதே வேலை, அதே இரண்டு தொட்டிகள். ஆனால் அவர் உலகம் கற்றவராக மாறியிருந்தார். எது வந்தாலும் பச்சைத் தொட்டி. லாரி குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை என்று முதலாளி தோளில் தட்டினார். மறு வருடமே பர்மனென்ட்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி ஆளுக்கொரு ஹெல்மெட் இனாமாகக் கொடுத்தது. மறுநாள் காலையில் ஜெனிபர் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு கை நீட்டினார். கொடுக்கப் போனவரின் நகம் பழக்கதோஷத்தில் ஓரமாக ஓடி, காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்றது. வெளிச்சத்துக்குத் திருப்பினார். தலைமுடி போல ஒரு கீறல், உச்சிவரை போயிருந்தது.

“இன்னா பாக்குற?” என்றார் ஜெனிபர். “உன் கையில பாஸானதுதானே?”

கம்பெனிக்குப் போய் வேறொன்று மாற்றி வாங்கலாம். அதையும் தேற்றியது இதே கைதான்.

“ஆமா” என்றார் யேசுதாஸ். “லேட்டாவுது, போ.”