இணைப்பு நாள் ஊர்வலத்தின் தலைவர்

எங்கள் தாலுகா மலையாளப் பகுதியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த நவம்பர் முதல் தேதி, கொட்டாரம் ஊரில் ஊர்வலம் நடத்தியவர் அவர். தடித்த கழுத்து. தானே வாங்கிப் போட்ட ரோஜா மாலையை அடிக்கடி முகர்ந்துகொள்வார்.

எதிரே பாடையோடு வந்தவன் கைகூப்பினான்.

“அண்ணாச்சி, அம்மை நேத்தே போய்ட்டா. இருட்டுமுன்ன சுடுகாட்டுக்குப் போணும். வழி விடுங்க.”

“ஏலே, வரலாத்துல நிக்கப்போற நாளு! பொணம் குறுக்க வரலாமா? ஓரமா வை.”

அவன் கையில் ஒரு லட்டையும் திணித்தார். பாடையை மண்ணில் இறக்கினார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும், தலைவர் மாலையை மூக்கோடு அழுத்திக்கொண்டார்.

கொடி பிடித்திருந்த நான், கோஷத்தைக் கொஞ்சம் மெதுவாகப் போட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஊர்வலம் முடிந்ததும், “எனக்கு உம்மள மாதிரி ஆளுக இருந்தாப் போதும்வே” என்று தோளில் தட்டினார்.

அவரை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. அவர் சொன்னது சரியாக வேறு இருக்கிறது.