வீட்டின் குறையை எழுதுகிறவள்

வீட்டுத் தரகர் அலுவலகத்தில் விளம்பரம் எழுதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம். எந்த வீடானாலும் முதலில் நேரில் போவாள். குழாயைத் திறப்பாள், ஜன்னலைச் சாத்துவாள், தரையில் சம்மணம் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுதுவாள், கடைசி வரியில் வீட்டின் குறையைப் போட்டு உடைத்துவிடுவாள். 'குளியலறைக் கதவை உதைத்தால்தான் திறக்கும், பழகிவிடும்' என்று எழுதிய மகராசி இவள்தான்.

முதலாளிக்கு அந்தக் கடைசி வரி வேப்பங்காயாய்க் கசந்தது. செயற்கை நுண்ணறிவு வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நீ ஒரு வீட்டைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள இது ஊரையே வித்துடும்மா. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம், அப்புறம் நீ வேற வேலை தேடிக்க" என்றார். இந்த வேலை அவளுக்கு உயிர். அடுத்தவர் வீட்டில் அனுமதியோடு மூக்கை நுழைக்க வேறெந்த வேலை விடும்?

மாடி வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் இயந்திரம் எழுதித் தந்தது: 'பறவைகள் மட்டுமே பேசும் அமைதி.' படித்த அவளுக்கே குடிபோக ஆசை வந்தது என்றால் பாருங்கள். ஒரு குடும்பம் பார்க்க வந்தது. மாடியேறி நின்றார்களோ இல்லையோ, கீழ்வீட்டில் பேண்டு குழு ஒத்திகையை ஆரம்பித்தது. செருப்பைக்கூட மறந்து ஓடினார்கள். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே.

"நீயே எழுதித் தொலைம்மா" என்று முதலாளி இறங்கி வந்தார்.

அவள் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள். இயந்திரத்தின் வர்ணனை நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து பறவைகளையும் அமைதியையும் மட்டும் விரட்டிவிட்டுக் கடைசியில் சேர்த்தாள்: 'கீழே பேண்டு குழு. தினமும் மாலையில் ஒத்திகை. சுமாராகத்தான் வாசிக்கிறார்கள்.'

மறுநாளே ஒருவர் டிரம்பெட் பெட்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றார். வாசித்த பாவத்துக்காக வீடு வீடாகத் துரத்தப்பட்டவர். "சுமாராத்தான் வாசிக்கிறாங்கன்னு போட்டிருந்தீங்களே, நிஜந்தானே? அப்போ என்னையும் சேத்துப்பாங்க இல்ல?" சாவியை வாங்கும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதலாளி தீர்ப்புச் சொன்னார்: நிறையை இயந்திரம் எழுதட்டும், குறையை அவள் எழுதட்டும். வேலை நிரந்தரம்.

அவள் சிட்டாய்ப் பறந்து வீட்டுக்கு வந்து சொன்னாள். கணவர் சோபாவை விட்டு எழுந்திருக்காமலே சிரித்தார். "குறை சொல்றதுக்குச் சம்பளமா? ஏன், அதை அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுக்க முடியலையாக்கும்?"

"அதுக்கு உலகத்துல இருக்கிறதையெல்லாம் காட்டிப் பழக்கணுமாங்க" என்றாள் அவள். "எனக்கு நீங்க ஒருத்தரே போதுமா இருந்தீங்க."