காந்தத் தட்டின் மேல் அக்காவின் பாதங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் காந்த வைத்தியம்தான் எனக்குப் பித்து. மரக்காணத்து உப்பளத்தில் வழுக்கி விழுந்த என் அக்கா, அறுபது வயதில் இடுப்பு வலியோடு நொண்டினாள். “எலும்புத் தேய்மானம்தாங்க்கா, ஆஸ்பத்திரி எதுக்கு?” என்று சொல்லி, பாண்டிச்சேரியில் வாங்கிய இரண்டு காந்தத் தட்டுகளைத் தினமும் அவள் பாதங்களுக்கு அடியில் வைத்தேன்.

“கொறஞ்சுதாக்கா?”

“கொறஞ்சிடுச்சுடா, வைத்தியரே!” என்று சிரிப்பாள். நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, கையை ஊன்றித் தரையோடு தரையாக அடுப்படிக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். வெளியே உப்புக் குவியல்கள் கண் கூச வெளுத்துக் கிடந்தன. எந்தப் பக்கமும் என்னால் பார்க்க முடியவில்லை.

“ஏங்க்கா பொய் சொன்ன?”

“கொறஞ்சுதுன்னா உன் மூஞ்சி மலருதேடா. அதை எப்படிக் கெடுக்கறது?”

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரிசல் விட்ட இடுப்பெலும்பு விலகி, கோணலாகக் கூடியிருந்தது.

“விழுந்த அன்னைக்கே ஏன் வரலை?” என்று டாக்டர் கேட்டார்.

“நான்தாங்க வரமாட்டேன்னுட்டேன்” என்றாள் அக்கா, முந்திக்கொண்டு.

நான் மறுக்கவில்லை.

மிச்ச நாளெல்லாம் அவள் கோலூன்றியே நடந்தாள். அவள் போன பிறகு இதை எழுதுகிறேன்: அக்கா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நான்தான் கூட்டிப் போகவில்லை.