துடைப்பம் தொடாத பத்தரை மணி நேரம்

மிதரின் பிடரியில் கத்திரி ஓடிக்கொண்டிருந்தது. முடி வெட்டும் வுகாஷினின் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில். “இந்நேரம் அயர்லாந்தைத் தாண்டியிருப்பா” என்றார், யாரும் கேட்காமலே. மணி பத்தரை.

காலை ஏழுக்கு பெல்கிரேடிலிருந்து கிளம்பிய விமானத்தில் அவர் மகள் நெவெனா, மூன்று மாதக் கைக்குழந்தையோடு, நியூயார்க்கில் இருக்கும் புருஷனிடம் போய்க்கொண்டிருந்தாள். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்குச் சரி, முடிதிருத்தும் கடைக்கு? பின்கட்டுதான் வீடு, இரண்டுக்கும் ஒரே துடைப்பம். ஆகவே கடைக்கும் சேர்த்துத்தான் என்பது வுகாஷின் கட்சி. நரையும் கருப்புமாக ஐந்து தலை முடி தரையில் குவிந்து, மிதரின் பூட்ஸை மூடியிருந்தது.

“மாஸ்டரே, கம்பளி வியாபாரம் எப்போ ஆரம்பிச்சீங்க?”

பஸ் ஓட்டும் மிதருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர்யா! பச்சைக் குழந்தை ஆகாசத்துல போவுது, உனக்கு நக்கலா இருக்கு.”

கணக்கு அவரே போட்டது. மகள் பள்ளி நாளில் வைத்திருந்த உலக உருண்டை, கண்ணாடிக்கு முன் சீப்புகளோடு நிற்கிறது. அதில் பெல்கிரேடிலிருந்து நியூயார்க்குக்கு நூலை இழுத்துப் பிடிப்பார். நூல் ஸ்பெயின் பக்கம் போகாமல் வடக்கே வளைந்து ஏறும். ஏன் என்று கேட்டுவிட்டால் போச்சு, முகத்தில் நுரையோடு கால் மணி நேரம் பாடம் கேட்க வேண்டும். “போறப்ப எதிர்காத்து, பத்தரை மணி நேரம். வர்றப்ப காத்து முதுகைத் தள்ளும், ஒம்பது மணி நேரம் போதும்.”

மனைவி ஸ்லாவ்கா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். இதெல்லாம் அவளிடம் நடக்காது. “பிளேனை ஓட்டறது பைலட்டா, உங்க துடைப்பமா?” என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள்.

மாலை ஐந்தரை ஆயிற்று. போன் வரவில்லை. ஆறும் ஆயிற்று. வேலை முடிந்து மிதரும் சேதி கேட்க வந்து சேர்ந்தார். வுகாஷின் நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

ஸ்லாவ்கா வந்து மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

“ஐயோ, வேணாம்டி!”

அவள் கூட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டாள். “யாராவது தெரியாம எடுத்துடப் போறாங்க” என்றாள்.

ஆறரைக்குப் போன் அடித்தது.

“அப்பா, இறங்கிட்டோம்! இங்க மழை, முக்கால் மணி நேரம் மேலயே சுத்த விட்டுட்டாங்க. குட்டி வழியெல்லாம் தூக்கம்.”

அப்பாடா! வுகாஷின் சிரித்தார், அழுதார், மிதரைக் கட்டிப்பிடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்துக்குக் கை நீட்டினார்.

“பிளேன்தானே இறங்கியிருக்கு? வீடு போய்ச் சேரட்டும்” என்று ஸ்லாவ்கா துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.