மூச்சு முட்டிய இடத்தின் படம்

முதலில் போனது என் அதட்டல்தான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை பார்த்தேன். லாரி வந்து நின்றால் நான் உள்ளிருந்து கொடுக்கும் குரலுக்குப் பக்கத்துக் கிடங்கு ஆட்களும் எழுந்து வருவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், அந்தக் குரல் கம்மியது. மூட்டை தூக்கும் ஹம்சா, "எந்தா சேட்டா, புதுப்பொண்ணு மாதிரி பேசறீங்க?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். சுக்குத் தூசி என்று நினைத்து, வெந்நீரும் பனங்கற்கண்டுமாக அந்த மழையை ஓட்டிவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது குரல் கம்மிச் சில வாரங்களாகியும் தெளியவில்லை என்றால், தயவுசெய்து பனங்கற்கண்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனது என் மனைவி பகவதி. மாநகராட்சியில் வேலை பார்ப்பவள். வரிசையில் நிற்கவும் தெரியும், மற்றவர்களை நிற்கவைக்கவும் தெரியும். படகில் எர்ணாகுளம் போனோம். பயாப்சி (சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான் என்பதால் கதிர்வீச்சு மட்டும் போதும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்போம். கரண்ட் வைத்தார்கள். தொண்டை வெந்து, கஞ்சி கூட முள்ளாகக் குத்தியது. பிறகு மெல்ல ஆறியது. குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் என் குரலாகவே.

சில வருடங்கள் நன்றாக இருந்தேன். மகள் ரேவதி பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போனாள். நோயை நான் மறந்தேவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஐந்தாறு வருடங்கள் கழித்து, அது அதே இடத்தில் திரும்பி வந்தது. இம்முறை என்னைப் பார்த்த அறுவை மருத்துவர் மதுரையில் படித்தவர். எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"ஆறுமுகம், குரல்வளையை முழுசா எடுக்கணும். இனி கழுத்துல ஒரு துளை வழியாத்தான் மூச்சு விடுவீங்க. பேச்சுக்கு வேற வழி உண்டு. அதைப் பின்னாடி படிக்கலாம்."

"போன தடவை கரண்ட்லதானே சரியாச்சு டாக்டர்? இப்பவும் அதையே வையுங்க."

"அதே இடத்துல ரெண்டாவது தடவைன்னா ஆபத்து கூடுதல். பலன் குறைவு."

நான் எழுந்து வந்துவிட்டேன். பேச்சில்லாமல் ஒரு மனிதன் கிடங்கில், பேருந்தில், வீட்டில் என்ன செய்வான்? ரேவதிதான், "அப்பா, மும்பையில ஒரு தடவை காட்டலாம். அவங்களும் இதே பறஞ்சா சம்மதிக்கணும், கேட்டீங்களா?" என்றாள். தலையாட்டினேன். இன்னொருவர் வேறு மாதிரி சொல்லமாட்டாரா என்ற ஆசைதான்.

நோயாளியாக நான் போன அந்த மும்பை ரயில் பயணத்தைப் பகவதி உல்லாசப் பயணம் ஆக்கிவிட்டாள். கொங்கண் வழியில் குகை வரும்போதெல்லாம் ஜன்னலில் தன் முகம் தெரிகிறது என்று குழந்தை போலக் குதூகலித்தாள். மேல் படுக்கையில் ஒரு பெரியவர் ரயில் சத்தத்தையும் மீறிக் குறட்டை விட்டார். பகவதி வாயில் முந்தானையைச் செருகிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம்.

மும்பை மருத்துவர்களும் அறுவைதான் என்றார்கள். ஆனால் அங்கே ஒரு மருத்துவர், ஆராய்ச்சிக்காகச் செய்யும் ஒரு புதிய ஸ்கேனுக்கு நான் சம்மதிப்பேனா என்று கேட்டார். கட்டிக்குள் எந்தப் பகுதிக்குப் பிராணவாயு போதாமல் இருக்கிறது என்பதைப் படம் பிடிப்பது. அதற்கு ஹைப்பாக்சியா (திசுவுக்குப் போதிய பிராணவாயு எட்டாத நிலை) என்று பெயர். ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பில் மற்ற இடங்களிலிருந்து அது வெளியேறிவிடும். மூச்சு முட்டிய உயிரணுக்களில் மட்டும் தங்கி, லேசான கதிரியக்கத்தால் கருவிக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். "இதனால் உங்கள் சிகிச்சை மாறும் என்று உறுதி சொல்லமாட்டேன். நாளைக்கு வருகிறவர்களுக்கு உதவலாம்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ரேவதி தொலைபேசியில் கேட்டு எனக்குத் தமிழாக்கினாள். சம்மதித்தேன். உண்மையைச் சொன்னால், கத்தியைத் தள்ளிப்போட இன்னொரு நாள் கிடைத்ததே என்றுதான்.

ஊசி போட்டபின் மருந்து பரவுவதற்காகத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். உடம்பில் கதிரியக்கம் இருப்பதால் யாரும் அருகில் வரக்கூடாது. தொண்டை அசையாமல் இருக்க வேண்டும், பேசாதீர்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பகவதியின் முகம் வந்தது.

கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டீங்களா என்று கேட்பது போல் காட்டினாள். இல்லை என்று தலையசைத்தேன். முழங்கையைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள்: ஊசி வலித்ததா? இரண்டு விரலைச் சேர்த்து, கொஞ்சம் என்றேன். அப்புறம் அவள் இரண்டு கன்னத்தையும் உப்பி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்தாள். ரயில் பெரியவரின் குறட்டை! உதடு படபடத்ததும், மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்ததும், மறுபடி ஆரம்பித்ததும், ஒன்று விடாமல் நடித்துக் காட்டினாள். நான் நாற்காலியில் குலுங்கினேன். சத்தமே இல்லாமல் கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். உள்ளே வந்த ஊழியர் ஹிந்தியில் ஏதோ அதட்டினார். அசையாதே என்றிருக்கும்.

நோய் திரும்பிய பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பகல் முழுக்க என் மனைவியோடு அரட்டை அடித்திருக்கிறேன் என்பது ஸ்கேன் அறையில் மல்லாந்து படுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எர்ணாகுளம் திரும்பியதும் எங்கள் மருத்துவர் அந்தப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். சாம்பல் நிறத்தில் என் கழுத்து. அதன் நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு சிவப்பு.

"இந்தச் சிவப்பு இருக்கே, இங்கே பிராணவாயு சரியா எட்டல."

"அப்ப அது செத்துப் போயிருக்கணுமே டாக்டர்?" என்றாள் பகவதி.

"செத்திருந்தா நமக்கு நல்லதுதானே! இது பட்டினி கிடந்தே பழகிருச்சு. கரண்ட் நல்லா வேலை செய்யணும்னா பிராணவாயு கூட நிக்கணும். அது இல்லாத இடத்துல கரண்டோட பலம் ரொம்பக் குறையும். மனசிலாச்சா?"

"அப்ப கத்திதானா?" என்றேன்.

"படம் இல்லேன்னாலும் நான் அதேதான் பறஞ்சிருப்பேன். இது இப்பவும் ஆராய்ச்சிதான். ஆனா நீங்க கண்ணால கண்டாச்சே."

அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை நோய் என்பது என் மனத்தில் உருவமில்லாத இருட்டாக இருந்தது. இப்போது அதற்கு ஓர் அளவு இருந்தது, ஓர் ஓரம் இருந்தது. எடுத்துவிடக்கூடிய ஒரு பொருள். அது என்னுள் மூச்சு முட்டிக் கிடந்தது. நானோ நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு அதற்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பகவதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் லேசாகக் கன்னத்தை உப்பினாள். மருத்துவருக்கு முன்னாலேயே இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"எடுத்திடுங்க டாக்டர்" என்றேன். என் பழைய குரலில் நான் எடுத்த கடைசி முடிவு அது. அதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

அறுவை நீண்டது. கண் விழித்தபோது மூக்கு சும்மா இருக்க, கழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எழுதிக் காட்டச் சிலேட்டு கொடுத்தார்கள். நான் எழுதியது தமிழ். செவிலியருக்குத் தெரிந்தது மலையாளம். 'முதுகு அரிக்கிறது' என்று எழுதியதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் எனக்கு அன்போடு போர்வை போர்த்திவிட்டுப் போனார். எடுத்த பகுதியைச் சோதித்ததில் ஓரங்களில் நோய் இல்லை என்று செய்தி வந்தது. பகவதி வார்டில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தாள்.

புண் ஆறியதும் குரல் வால்வு (மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே வைக்கும் சிறு அடைப்பான்) பொருத்தினார்கள். கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் மூடினால், நுரையீரலின் காற்று வால்வு வழியே தொண்டைக்குப் போய் ஒலியாகும். பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர், "ஆ சொல்லுங்க" என்றார். நான் "சாயா" என்றேன். பழைய லாரி கிளம்புவது போல ஒரு சத்தம். அறையில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். அன்றே ஹம்சாவுக்குத் தொலைபேசினேன். "லோடு நாளைக்குத்தான் டிரைவரே" என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டு என் பெயரைச் சொன்னபோது அந்தப் பக்கம் அவன் அழுதான்.

ஒன்று மட்டும் என்னை வருத்தியது. மூக்கு வழியே காற்று போகாததால் வாசனை அற்றுப்போனது. டீச்சர் அதற்கும் ஒரு வித்தை சொன்னார். வாயை மூடியபடியே கொட்டாவி விடுவது போலத் தாடையையும் நாக்கையும் கீழே இறக்க வேண்டும். அந்த இழுப்பில் கொஞ்சம் காற்று மூக்குக்குள் வரும். வீட்டில் சந்தனம், மல்லிகை, காப்பித்தூள் என்று எதையெல்லாமோ பகவதி என் மூக்கருகே பிடித்தாள். பல நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாலை பள்ளுருத்திப் பேருந்துக்காக வாய்க்கால் ஓரம் நின்றோம். மழைக்கு முந்தின புழுக்கம். பகவதி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். நான் பழக்கத்தில் ஒரு முறை தாடையை இறக்கினேன்.

"நாறுது!" என்றேன். கட்டைவிரலை அழுத்தி, "பகவதி, நாறுது! நல்லா நாறுது!"

நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை எடுத்தாள். "ஆமாங்க, எந்தொரு நாற்றம்!" என்று சொல்லிச் சிரித்தாள். பேருந்து வந்து போய்விட்டது. நாங்கள் அடுத்ததற்குக் காத்திருந்தோம். நான் அந்த வாய்க்காலை ஆசை தீர முகர்ந்தேன்.

உங்களுக்கும் அந்த ஸ்கேன் வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. எல்லா இடத்திலும் அது இல்லை, எல்லாருக்கும் அது தேவையும் இல்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புரியும்வரை கேளுங்கள்.

ரேவதி கல்யாணமாகி இடக்கொச்சிக்குப் போனாள். அவள் மகள் மாளுவுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. அறுவைக்கு 'முன்பு', 'பிறகு' என்று என் வாழ்க்கையை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். மாளுவுக்கு அந்த முன்பு தெரியாது. அவள் அறிந்த தாத்தாவின் குரல் இது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், வாசலில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். எதையோ யோசித்தாள். பிறகு தன் பிஞ்சுக் கட்டைவிரலைக் கழுத்துக் குழியில் கவனமாக வைத்து அழுத்தினாள்.

"தாத்தா" என்றாள்.

பேசுவது என்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். ரேவதி ஓடிவந்து கையை எடுக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, நானும் என் கட்டைவிரலை வைத்து, "வா, மாளு" என்றேன்.