தங்கச்சி கையெழுத்தும் ஒரு பேரிக்காய் மரமும்

பத்திரம் எழுதுவது என்பது, ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்காத அண்ணனையும் தங்கச்சியையும் "மனமொத்து, சந்தோஷமாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல்" என்று ஒரே வரியில் உட்கார வைக்கிற தொழில். எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில், ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே, காதைச் சுற்றி மப்ளரோடு அந்தத் தொழிலைப் பார்த்தேன். வீடு வாங்கியோ விற்றோ நொந்துபோனவர்களே, உங்களுக்குத்தான் இது. வாங்காமலும் விற்காமலும் நொந்தவன் நான்.

எல்லையைக் காணோம்

விக்டோரியா அக்கா ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஆயா. ஊரார் பிள்ளைகளுக்குத் தலை சீவியே வயசு போய்விட்டது. ரிட்டயர் ஆகிற மாசம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாக வேண்டும். பள்ளங்கி போகிற வழியில் மாயாண்டி என்பவரின் இரண்டு அறை வீடு விலைக்கு வந்தது. பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

நான்கு எல்லையையும் நேரில் பார்த்து எழுதுவது என் பழக்கம். நாங்கள் போன நேரம் பனி மஞ்சு இறங்கிவிட்டது. நீட்டின கை தெரியவில்லை. மாயாண்டி எங்கேயோ நின்றுகொண்டு, "வடக்கே பாறை, தெற்கே பாதை, மேற்கே ஓடை, கிழக்கே பேரிக்கா மரம்" என்று கத்துகிறார். எனக்கு மாயாண்டியே தெரியவில்லை, மரம் எங்கே தெரியப்போகிறது? எரிச்சலில் பேனாவை மூடினேன். பக்கத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது: "எழுதுங்கய்யா, எல்லை எங்கயும் ஓடிராது. எனக்குத்தான் இத விட்டாப் போக்கிடம் இல்ல."

ஒப்பாரிக்கு வந்தவர்

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று நேராகக் கேட்டால், வீடு விற்கிற எவரும் நேராகச் சொல்ல மாட்டார். மாயாண்டியும், "ஒத்தப் பிள்ளைங்க நானு" என்று தகரக் கூரையைப் பார்த்தார். வீடு அவர் அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டியது. பெண் பிள்ளை இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அந்தக் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. ஆகவே எங்கள் தொழிலின் பழைய தந்திரத்தை எடுத்தேன். பேச்சை மாற்றி, "உங்கப்பா சாவுக்கு நல்ல கூட்டமாமே?" என்றேன்.

மனிதர் பூரித்துப்போனார். கொட்டு வந்ததைச் சொன்னார், தேர் கட்டியதைச் சொன்னார். கடைசியில், "கூக்கால்லருந்து எந்தங்கச்சி பேச்சியம்மா வந்து வெச்சா பாருங்க ஒப்பாரி, ஊரே அழுதுச்சு" என்றார். நான் பேனாவைத் திறந்து 'பேச்சியம்மாள்' என்று எழுதினேன். மாயாண்டி பதறிவிட்டார்: "ஐயா, அவ ஒப்பாரி வெக்கத்தானய்யா வந்தா, கையெழுத்துப் போடவா வந்தா?"

வ்யூ

இதற்குள் மதுரைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை. மே மாசம் வந்து தங்க ஒரு வீடு வேண்டுமாம். மாயாண்டிக்குக் கூடுதல் விலை சொல்லி, "தங்கச்சி கையெழுத்தெல்லாம் எங்க வக்கீல் பார்த்துக்குவார்" என்று ஆசை காட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஆயாம்மா முடித்தால் சரி, இல்லையென்றால் வீடு மதுரைக்காரருக்கு என்று மாயாண்டி சொல்லிவிட்டார். அக்கா, கூக்காலுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மதுரைக்காரரோ என் எதிரிலேயே உட்கார்ந்து, நான் எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்: "பாறை, பாதை, ஓடை, மரம் எல்லாம் இருக்கு, வ்யூவைக் காணோமே. அதையும் சேர்த்து எழுதிருங்க."

குச்சு கட்டாத மாமன்

மறுநாள் வெள்ளனே அக்காவும் நானும் கூக்கால் பஸ்ஸைப் பிடித்தோம். அதை விட்டால் நடைதான். பேச்சியம்மாள் பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேரை எடுத்ததுமே முகம் மாறிவிட்டது. மகள் பெரிய மனுஷி ஆனால், தாய்மாமன்தான் சீர்த்தட்டோடு வந்து பச்சைத் தழையில் குச்சு கட்ட வேண்டும். மாயாண்டி ஏதோ சோலி என்று எட்டியே பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டின குச்சில் மகளை உட்கார வைத்தாராம். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது.

நான் சட்டத்தை எடுத்து விளக்கினேன். களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எம்மகளுக்குக் குச்சு கட்ட வராதவனுக்கு, வீட்ட விக்க மட்டும் தங்கச்சி வேணுமாக்கும்?"

தட்டு

ஊர் திரும்பி, சீரோடு போய்த் தங்கச்சியைக் கூப்பிடுங்கள் என்றால், "நான் அவகிட்ட எறங்கிப் போறதா?" என்று மாயாண்டிக்கு வீம்பு. கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன். மனிதர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். விக்டோரியா அக்கா எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். சேலை, பூ, பழம், ஒரு தட்டு என்று வாங்கி வந்து, என் பத்திரத்தின் மேலேயே பரப்பினார்.

"நீங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரியாச்சே, சடங்குச் சீரெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று மாயாண்டி சிரித்தார். அக்கா தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்: "தாய்மாமன் வரல, அதான் ஆயா கொண்டாந்தேன்னு கூக்கால் தெருவுல நின்னு சொல்லப்போறேன். நீங்க உக்காந்து டீ குடிங்க."

எழுதாத வரி

அடுத்த பஸ்ஸில் தட்டோடு போனது மாயாண்டிதான். வெள்ளிக்கிழமை பதிவு நேரம் முடியப்போகிறது, ஆட்களைக் காணோம். மதுரைக்காரர் காரிலேயே காத்திருந்தார். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் நிமிஷத்துக்கொரு தரம் ரோட்டை எட்டிப் பார்த்தேன். ஒருவழியாக மஞ்சைக் கிழித்துக்கொண்டு கூக்கால் பஸ் வந்தது. பேச்சியம்மாள் அந்தச் சேலையைக் கட்டியிருந்தார். பின்னால் அவர் பையைச் சுமந்துகொண்டு மாயாண்டி. "வெரசா வாங்க!" என்று நான் அலறினேன்.

பேச்சியம்மாளுக்குக் கைநாட்டுதான். பூண்டு உரித்துத் தேய்ந்த பெருவிரல், குளிரில் வேறு விறைத்திருந்தது. டீ கிளாஸைப் பிடிக்க வைத்துச் சூடேற்றினோம். மையைத் தடவின பிறகு விரலை இழுத்துக்கொண்டார். "அந்தப் பேரிக்கா மரம் எங்கப்பா எனக்குன்னு வெச்சது. வருஷா வருஷம் காய் பறிக்க வருவேன், எழுதுங்க" என்றார். அக்கா தலையாட்டினார், எழுதினேன். "வந்தா ஒரு வாய் சோறு போடணும். இனிமே பொறந்த வீடுன்னு எனக்கு எங்க கெடக்கு?" என்று அண்ணனைப் பார்த்தார். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அதையும் எழுதப் பேனாவை வைத்தேன். விக்டோரியா அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "அத மட்டும் எழுதாதீங்கய்யா. எழுதினா அது சட்டத்துக்குப் போடுற சோறு. எழுதாட்டி எந்தங்கச்சிக்குப் போடுற சோறு."

எழுதிக் கூலி வாங்கியே பிழைத்த எனக்கு, எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக வருஷா வருஷம், அக்கா வீட்டில் சாப்பிட்டு வரும் பேச்சியம்மாள் கையால் ஒரு பை பேரிக்காய் வந்தது அந்தப் பத்திரத்துக்கு மட்டும்தான்.